ரோபோவுக்கு எர்த் கொடுத்தவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு மாதம் உழைத்துச் செய்த ரோபோவை, போட்டிக்கே லாயக்கில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை ஓரங்கட்ட வைத்தது ஒரே ஒரு ஆள்தான். எதிர் அணிக்காரன் இல்லை. பொறாமை பிடித்த பக்கத்துப் பள்ளி வாத்தியார் இல்லை.

நான்.

அதுவும் ஒரே ஒரு முழம் வயரை வைத்து!

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கைராசி தெரியும். எங்கள் கிட்வாய் நகர் வீட்டில் பாத்ரூம் லைட்டைப் போட்டால் காலிங் பெல் ஒருமுறை லேசாக இருமும். ரிப்பேர் பார்த்தது நான்தான். விருந்தாளிகள் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். நாங்கள் பழகிவிட்டோம்.

ஆனால், கரண்ட் விஷயத்தில் எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எர்த்!

டெல்லிக்கு வந்த புதிதில் முனிர்காவில் ஒரு அறையில் இருந்தேன். ஜூன் மாதம். ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு தகரக் கூலர். தண்ணீர் ஊற்றலாம் என்று வெறுங்காலோடு போய் கூலரைத் தொட்டேன். கூலரும் என்னைத் தொட்டது. பக்கெட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வீட்டுக்காரரிடம் ஓடிப்போய், "பாய் சாப், கூலர் கரண்ட் மார்தா ஹை!" என்றேன். அவர் பல் குத்துவதை நிறுத்தவே இல்லை. "தோ சப்பல் பெஹன் லோ" என்றார்.

அதாவது, கூலரைச் சரி செய்ய வேண்டாம். நான் செருப்புப் போட்டுக்கொண்டால் போதும்.

அன்றிலிருந்து தகரமோ, இரும்போ, அலுமினியமோ... எதைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான் — "இதுக்கு எர்த் இருக்கா?"

இனி ரோபோவுக்கு வருவோம்.

என் மகள் தாரிணி பதினொன்றாம் வகுப்பு. டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். அதனால்தான் இந்தப் பத்தியை இவ்வளவு தைரியமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட ரோபோ அணியில் வயரிங் முழுக்க அவள் பொறுப்பு. ரோபோவுக்குப் பெயர் 'பராட்டா'. தட்டையாக, தரையோடு தரையாக இருக்கும். பந்துகளைப் பொறுக்கி ஒரு கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வாழ்க்கை.

அதற்குள் இருக்கும் வயரிங்கை ஒருநாள் எனக்குக் காட்டினாள். கார் பேட்டரி மாதிரி பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று. அங்கிருந்து கட்டை விரல் தடிமனில் இரண்டு வயர். நடுவில் ஒரு மெயின் சுவிட்ச். அப்புறம் ஒரு போர்டு. நம் வீட்டு வாசலுக்கு மேலே இருக்கிற மெயின் போர்டுக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஜோடி ஜோடியாக வயர்கள் கிளம்பி ஒவ்வொரு மோட்டாருக்கும் போகின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி ஃப்யூஸ். பெரிய மோட்டாருக்குத் தடி வயர், கேமராவுக்கு நூல் வயர்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கொடிகள். ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் பேப்பர் டேப்பில் சின்னதாக ஒரு கொடி. அதில் இரண்டு இனிஷியல். ஒன்று, வயரைப் போட்டவர். இன்னொன்று, அதை இழுத்துப் பார்த்து 'வரவில்லை' என்று உறுதி செய்தவர்.

இந்தக் கொடிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

நவம்பரில் ஒரு பயிற்சி மேட்ச். ஆட்டத்தின் நடுவில் ஒரு வயர் நழுவி, பராட்டா மைதானத்து நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அணித் தலைவன் அன்ஷுல், 'வயரிங்கை இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டான். தாரிணி விடவில்லை. இன்னும் ஒரே ஒரு சான்ஸ் கேட்டாள். "இனிமே பேர் இல்லாத வயர் ஒண்ணுகூட உள்ள இருக்காது. எது கழண்டாலும் யாரோடதுன்னு தெரியும். என்னோடதா இருந்தா நானே போர்டை அன்ஷுல்கிட்ட குடுத்திடறேன்" என்று அணி முன்னால் சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிதான் அந்தச் சான்ஸ்.

எனக்கு அந்தக் கொடிகளைப் பார்த்தபோது ஆபீஸ் ஞாபகம் வந்தது. நாங்களும் ஃபைலில் இனிஷியல்தான் போடுகிறோம். ஆனால், ஒரு வித்தியாசம். நான் இருபத்தாறு வருஷம் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டி ஒரு கலையைக் கற்றிருக்கிறேன். எந்தப் பேப்பரில் இனிஷியல் போடக் கூடாது என்கிற கலை! 'பேசியபடி' என்று ஒரு வார்த்தை எழுதி ஃபைலைத் தள்ளிவிடுவேன். யார் பேசியது, யாரோடு பேசியது... ஆண்டவனுக்கே வெளிச்சம். என்னை யாரும் எதற்கும் பிடித்ததில்லை. பிரமோஷனுக்கும் பிடித்ததில்லை, அது வேறு விஷயம்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. லேப் பூட்டு. அதனால் பராட்டா எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்தது — கேஸ் சிலிண்டர் தள்ளுகிற சக்கரப் பலகையில் ஏறி! மத்தியானம் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே கலரில் டி-ஷர்ட் வாங்க சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்கள். ஹாலில் நானும் பராட்டாவும் மட்டும்.

என் மனைவி சுகந்திக்கு டெல்லி வந்து இருபது வருஷமாகிறது. நெல்லைத் தமிழை ஒரு இஞ்ச் விட்டுக்கொடுத்ததில்லை. அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அதுல கைய கிய்ய வச்சிராதீங்க, சொல்லிட்டேன்."

"சும்மா பாக்கேன்."

"நீங்க சும்மா பாத்துதான் மிக்ஸி போச்சு."

சும்மாதான் பார்த்தேன். குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு கொடியாகப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். எல்லாம் அழகு. ஆனால்...

பராட்டாவின் சட்டம், அதாவது ஃப்ரேம், முழுக்க அலுமினியம். அதற்கு எங்கேயும் ஒரு வயர் போகவில்லை.

எர்த் இல்லை!

நாளைக்கு இந்தப் பெண் இதைத் தொட்டு வேலை செய்யப் போகிறாளே! கார், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் மைனஸை பாடியோடுதானே இணைத்திருக்கிறார்கள்? இதில் மறந்துவிட்டாள் போல. குழந்தைதானே.

அவளுடைய டப்பாவில் மீந்த கறுப்பு வயர் ஒரு முழம் இருந்தது. நுனியில் மாட்டுகிற செம்பு வளையம் இருந்தது. வளையத்தை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கட்டிங் பிளேயர் மாதிரி ஒரு கருவியும் இருந்தது. ஒரு நுனியை மைனஸ் போல்ட்டில் கட்டினேன். சட்டத்தில் பெயின்ட் இருந்ததால் கரண்ட் சரியாகப் பாயாது என்று, சுகந்தி பார்க்காத நேரத்தில் அடுப்படியிலிருந்து பூரிக்கட்டை பக்கத்தில் இருந்த கத்தியை எடுத்து வந்து சுரண்டி, இன்னொரு நுனியை அங்கே முடுக்கினேன். மற்ற வயர்களோடு வயராக அடியில் ஓடவிட்டு, பிளாஸ்டிக் டையால் கட்டினேன். இழுத்தும் பார்த்தேன். வரவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சுத்தமான எலெக்ட்ரிகல் வேலை அது. அங்கே கூடுதலாக ஒரு வயர் இருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பேப்பர் டேப்பும் பேனாவும் பக்கத்திலேயே இருந்தன. கை அந்தப் பக்கம் போனது. நின்றது. இருபத்தாறு வருஷப் பழக்கம், வேறென்ன?

பிள்ளைகள் திரும்பி வந்து டி-ஷர்ட் சைஸுக்குச் சண்டை போட்டார்கள். நான் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை. சொன்னால் கழற்றச் சொல்வாள். நல்லது செய்கிறவன் எதற்கு பர்மிஷன் கேட்க வேண்டும்?

ஞாயிறு காலை. யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி. பெரிய அரங்கம், முப்பது நாற்பது ரோபோ, காது கிழிகிற பாட்டு. மேட்ச் ஆடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ரோபோவையும் பரிசோதிப்பார்கள். எங்கள் மேஜைக்கு வந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மல்டிமீட்டர். எடை பார்த்தாள், உயரம் பார்த்தாள், கொடிகளைப் பார்த்து "அரே வாஹ்!" என்றாள். தாரிணியின் முகத்தில் பல்பு எரிந்தது.

கடைசியாக, பேட்டரியைக் கழற்றச் சொன்னாள். மீட்டரின் ஒரு குச்சியை பேட்டரி பிளக்கில் வைத்தாள். இன்னொன்றைச் சட்டத்தில் வைத்தாள்.

கீ...ஈ...ஈ...

"ஃப்ரேம் தனியா இல்லையே" என்றாள் ஹிந்தியில். "எங்கயோ சட்டத்தோட ஒட்டுது. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் ஆட முடியாது."

மணி பத்தரை. முதல் மேட்ச் பதினொன்றே கால்.

எது ஒட்டுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், ஒரு நப்பாசை. அவள் பின்னாலேயே போய், சும்மா பொது அறிவுக்குக் கேட்பது போலக் கேட்டேன். "ஏம்மா, சட்டத்தோட இணைச்சா நல்லதுதானே? எர்த் மாதிரி?"

"இல்ல, அங்கிள்" என்றாள் பொறுமையாக. "ரோபோ இடிபடும், வயர் உரசும். ஒரு சிவப்பு வயர் தோல் கிழிஞ்சு சட்டத்தைத் தொட்டா சட்டம் தனியா இருக்கிறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா, சட்டம் ஏற்கெனவே மைனஸோட சேர்ந்திருந்தா... அந்த இடத்துலயே ஷார்ட். புகை வரும். இந்த பேட்டரியில வெல்டிங்கே அடிக்கலாம்."

கூலரில் எர்த் உயிரைக் காப்பாற்றும். பராட்டாவில் எர்த் கொள்ளி வைக்கும். ஐம்பத்திரண்டு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

சரி, தெரிந்துகொண்டாயிற்று. உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டுமா, இல்லையா?

நான் டீ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தாரிணி வேலையை ஆரம்பித்திருந்தாள். போர்டிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு ஜோடியைக் கழற்றுவாள். மீட்டரை வைப்பாள். கீ என்று கத்தும். 'இது இல்லை' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த ஜோடி. எந்த ஜோடியைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ, அதில்தான் கோளாறு. அருமையான முறை. ஒரே ஒரு சிக்கல். கோளாறு எந்த ஜோடியிலும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவனிடம் இருந்தது.

"முதல்ல கேமராவைப் பாரு" என்றான் அன்ஷுல்.

பார்த்தாள். கீ.

"மோட்டார்?"

கீ.

"நவம்பர் மாதிரியேதான்" என்றான் அன்ஷுல். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால், எல்லோருக்கும் கேட்டது. தாரிணி நிமிரவில்லை. அடுத்த ஜோடியைக் கழற்றினாள்.

இப்போது சொல்லலாம். ஐந்து பிள்ளைகள் முன்னாலா? கொஞ்சம் ஆள் குறையட்டும். ஒருவேளை, அவளே குனிந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் யார் போட்டது என்ற பேச்சே வராமல் போகலாம். 'பேசியபடி.' ஃபைல் தானாக நகரும்.

நான் இன்னொரு டீ வாங்கப் போனேன்.

அந்த டீயோடு வந்தபோது ஏழாவது ஜோடி. கீ. தாரிணி அந்த வயரின் கொடியை விரலால் திருப்பிப் பார்த்தாள். கழற்றி வைத்த மற்ற வயர்களையும் பார்த்தாள். பிறகு யாரிடம் என்றில்லாமல், தமிழில் சொன்னாள்.

"எல்லாத்துலயும் என் பேர்தான் இருக்கு."

ஷாக் என்றால் என்ன என்று முனிர்கா கூலர் சொல்லிக்கொடுத்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

டெல்லித் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. மார்க்கெட்டில் பேரம் பேசும்போது, வந்தவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று விவாதிக்கும்போது... நமக்கு ஒரு ரகசிய மொழி இருக்கிறது. அந்த வசதியைத்தான் நானும் பயன்படுத்தினேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

"தாரு... அடியில மைனஸ் போல்ட்டப் பாரு. ஒரு கறுப்பு வயர் கூடுதலாக் கெடக்கும்."

"அங்க நான் ஒண்ணுதானே போட்டேன்?"

"நீ ஒண்ணு போட்ட."

மூன்று விநாடி என்னைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கணக்குப் போடுகிற பார்வை அது. பிறகு குனிந்தாள். விரலை விட்டுத் துழாவினாள். கட்டரை எடுத்து டையை வெட்டி, போல்ட்டைக் கழற்றி என் வயரை வெளியே இழுத்துப் போட்டாள். மீட்டரை வைத்தாள்.

அமைதி.

பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். அன்ஷுல் மட்டும் கத்தவில்லை. வயரை எடுத்து ஒரு நுனியைப் பார்த்தான். மறு நுனியைப் பார்த்தான்.

"இஸ் பே தோ கிஸீ கா நாம் ஹீ நஹீ ஹை" என்றான். யார் பெயரும் இல்லை. நிமிர்ந்து தாரிணியைப் பார்த்தான். மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். பெயர் இல்லாத வயர் ஒன்றுகூட இருக்காது என்று சொன்னவள் அவள்தானே?

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. முதல் ஜோடியை எடுத்துத் திரும்பப் போர்டில் மாட்ட ஆரம்பித்தாள். அந்த அரங்கத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேரா ஹை" என்றேன். என்னுடையது.

என் குரல் எனக்கே யாரோ தூரத்து உறவினர் பேசுவது போலக் கேட்டது.

அன்ஷுலின் வாய் திறந்தபடி நின்றது. "அங்கிள்... ஆப்னே லகாயா? க்யோன்?" நானா மாட்டினேன், எதற்கு என்று கேட்கிறான்.

முனிர்கா, ஜூன் மாதம், கூலர், வீட்டுக்காரரின் பல்... எங்கே ஆரம்பிப்பது? "யாருக்கும் ஷாக் அடிச்சிடக் கூடாதேன்னு" என்றேன் ஹிந்தியில்.

"பாரா வோல்ட் மே(ன்) ஷாக் நஹீ லக்தா, அங்கிள்."

பன்னிரண்டு வோல்ட்டில் ஷாக்கே அடிக்காதாம். இதையாவது யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நான்தான் யாரையும் கேட்கவில்லையே.

அன்ஷுல் என் வயரின் நுனி வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பலமாக இழுத்தான். வரவில்லை. "பாந்தா தோ சாலிட் ஹை" என்றான், மனசில்லாமல். கட்டியதென்னவோ கெட்டியாம். பிறகு பேப்பர் டேப்பையும் பேனாவையும் என்னிடம் நீட்டினான். "ரூல் இஸ் ரூல், அங்கிள்."

கழற்றிப்போட்ட அந்த வயரின் இரண்டு நுனியிலும் கொடி ஒட்டி என் இனிஷியலைப் போட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில், தப்பாய்ப் போன ஒரு காரியத்தில் என் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

ஏழு ஜோடியையும் திரும்ப மாட்டினார்கள். ஒருத்தர் மாட்ட, ஒருத்தர் இழுக்க. "ஜல்தி, ஜல்தி!" மல்டிமீட்டர் பெண் வந்து குச்சியை வைத்தாள். மீட்டர் வாயே திறக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினாள். மணி பதினொன்று பத்து. ஐந்து பேரும் பராட்டாவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் காலி டீ கப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஜெயித்தார்களா? அந்த மேட்ச்சில் இல்லை. இரண்டு பந்து குறைவு. ஆனால், பராட்டா கடைசி மணி அடிக்கும்வரை ஓடியது. ஒரு தடவை இன்னொரு ரோபோ வந்து மோதி, ஒரு சக்கரம் அந்தரத்தில் எழும்பி விழுந்தது. எனக்கு மூச்சு நின்றது. பராட்டா நிற்கவில்லை. அன்று ஆடிய ஆறு ஆட்டத்தில் மூன்றில் ஜெயித்தார்கள். ஒன்றில்கூட ஒரு வயரும் கழலவில்லை. கிளம்பும்போது அன்ஷுல், வயரிங் டப்பாவைத் தூக்கி தாரிணி கையில் கொடுத்தான். "போர்ட் தேரா ஹீ ரஹேகா" என்றான். போர்டு இனியும் அவளுடையதுதான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் வயதில் பேசிக்கொள்வதில்லை போல.

என் வயர்? அதைப் பள்ளிக்கூட லேப் சுவரில் மாட்டப் போகிறார்களாம். கொடியோடு.

பராட்டா பள்ளி வேனில் போனது. நானும் தாரிணியும் மெட்ரோவில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. அவள் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. போனையும் பார்க்கவில்லை. அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

யோசித்துக்கொண்டே வந்தேன். நம் பாசத்தில் பாதி இப்படித்தானோ? கேட்காமல் போடுவது. போட்டதைச் சொல்லாமல் இருப்பது. நன்றாக நடந்தால், 'நான்தான்' என்று மாலைக்குக் கழுத்தை நீட்டுவது. புகை வந்தால், டீ குடிக்கப் போவது. இதை அழகாக ஒரு பத்தியாக எழுதலாமே என்று தோன்றியதும் மனசு லேசானது. எழுத்தாளனுக்கு இது ஒரு வியாதி. தப்பு செய்த குற்ற உணர்ச்சியே அடுத்த வாரத்துக்கு மேட்டர்!

இரண்டு ஸ்டேஷன் போன பிறகு, மெதுவாகக் கேட்டேன்.

"தாரு... கோவமா?"

"வயர் போட்டதுக்கா? அது ஓகேப்பா. உனக்குத் தெரியாது, போட்ட."

அப்பாடா என்றிருந்தது. "அப்புறம் ஏன் பேச மாட்டேங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் ஏழு ஜோடி கழட்டற வரைக்கும் ரெண்டு டீ குடிச்சியே... அதுக்குத்தான்."